மோல்டாவுக்குப் போக ஒரு காரணம்

போர் முடிந்த மறுவருடம் சுவிஸில் இருக்கும் அக்கா தொலைபேசியில் மூன்று தீவுகளின் பெயரைச் சொல்லி, ஒன்றை எடு என்றாள். சைப்பிரஸ், கிரீட், மோல்டா. பதினாறு வருடமாக நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அகதியாகப் போனவளுக்கு அந்த நாடு கொடுத்த பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், எங்கள் நாட்டுக்கு மட்டும் போக முடியாது. சுனாமி அம்மாவைக் கொண்டுபோனபோதும் அவளால் வர முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிரிந்தவர்கள் இந்தியாவில்தான் சந்திப்பார்கள். கோயில் கோயிலாகப் போய், விடுதி அறையில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவார்கள்.

"அழுறதுக்கு லீவு எடுக்க மாட்டன். வெயில்ல காலை நீட்டிக்கிட்டு இருக்கணும், நீ பக்கத்தில இருக்கணும்," என்றாள் அக்கா.

நான் மோல்டாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் அது ஒரு புள்ளி. அவ்வளவு சின்ன இடத்தில் அக்காவை மறுபடி தொலைக்க முடியாது என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் தேற்றாத்தீவில் செய்தி பரவ அரை நாள் போதும். "வெண்ணெய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறியே புள்ள," என்றா மாமி. "இஞ்ச இல்லாத வெயிலா, இல்லாத கடலா? அதுவும் தாயைக் கடல் கொண்டுபோன புள்ளைகள்!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போய், இருந்ததிலேயே பளிச்சென்ற மஞ்சள் சேலை ஒன்றை எடுத்தேன்.

விசாப் படிவத்தில் அக்கா சொல்லித் தந்தபடி 'விடுமுறை' என்று எழுதினேன். கொழும்பு விசா அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல தமிழில் கேட்டாள்: "ஏன் போறீங்க?"

என் வாய் தானாகத் திறந்தது. "அக்காவுக்கு வருத்தம் மிஸ், சுகமில்ல. பார்க்கப் போறன்."

இது எங்கள் ஊரார் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். இருபது வருடம் சோதனைச்சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, "எங்க போறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரி என்றால் விடுவார்கள். செத்த வீடு என்றாலும் பெரும்பாலும் விடுவார்கள். சினேகிதியும் நானும் ஐஸ்கிரீம் சாப்பிட டவுனுக்குப் போகும்போது, யாருக்கு என்ன வருத்தம் என்பதை பஸ் ஏறுமுன்னே பேசி வைத்துக்கொள்வோம். எனக்கு எப்போதும் பல்வலி.

"என்ன வருத்தம்?" என்றாள் அந்தப் பெண். இதயம் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். படிவத்தில் விடுமுறை, வாயில் இதய நோய். விசா இல்லை என்று கடிதம் வந்தது.

"ஏன்டி என்னை வருத்தக்காரி ஆக்கினாய்?" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்னே அவள் அழுவது கேட்டது. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. சாவடிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள், நானோ ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மஞ்சள் சேலையை உடுத்திக்கொண்டு மறுபடி போனேன். அதே பெண்.

"அக்காவுக்கு இப்ப எப்படி?"

"நல்லா இருக்கா. அண்டைக்கும் நல்லாத்தான் இருந்தா. நான் பொய் சொன்னன்."

அவள் பேனையை வைத்தாள். இன்னொரு தரம் விசா இல்லையென்றால் அக்காவை எந்தக் காலத்தில் பார்ப்பது? ஆனாலும் நிறுத்தவில்லை.

"சந்தோஷமா இருக்கப் போறம் எண்டு சொன்னா எங்கள ஒருத்தரும் விடுறல்ல மிஸ். நோயும் சாவும்தான் எங்களுக்குப் பாஸ். இண்டைக்கு அதச் சொல்ல மாட்டன். கடற்கரையில அக்காவோட சும்மா இருக்கப் போறன். அஞ்சு நாள். வேற ஒரு காரணமும் இல்ல. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கணும்."

அவள் பேனையை மறுபடி எடுத்தாள். பிறகு எதையோ எழுதினாள். இரண்டு கிழமையில் விசா வந்தது.

மோல்டா விமான நிலையத்தில் அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் அழவில்லை, அவளும் அழவில்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்தோம், வாய்க்கு வந்ததெல்லாம் பேசிச் சிரித்தோம்.

மூன்றாம் நாள், முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அவள் கேட்டாள்: "அம்மா அண்டைக்குக் காலையில என்ன செய்துகொண்டிருந்தா?"

சொன்னேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. என்னைத் தேத்தண்ணி வைக்கச் சொன்னா. நான் உள்ளே போன நேரம் கடல் வந்தது.

இருவரும் வாய்விட்டுக் கத்தி அழுதோம். கரையில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் எழும்பி இருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டிருந்தாலும் நாங்கள் பதில் சொல்லியிருக்க மாட்டோம்.

அடுத்த நாளும் அதே கடலுக்குப் போனோம்.