காலியாகத் திரும்பிய டப்பா

1. தீபாவளியன்று கிள்ளானில் எங்கள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து.
2. மூன்றாவது வீட்டு ஆன்டி இரண்டு டப்பாக்களுடன் வந்தார். அம்மா அவற்றை நிரப்பினார். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இடம் போதாமல் எங்கள் டப்பா ஒன்றிலும் போட்டுக் கொடுத்தார்.
3. என் சித்தி மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தான்.
4. மறுநாள் அது இணையத்தில் ஓடியது. ஆன்டிக்கு அவன் வைத்த பெயர் ‘தாபாவ் தலைவி’.
5. அதே வாரம் எங்கள் டப்பா கேட்டில் தொங்கியது. கழுவித் துடைத்து, காலியாக.

ஐந்தாவதுதான் அம்மாவை உட்கார வைத்துவிட்டது. எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றுமில்லையென்றால் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையாவது உள்ளே இருக்கும். அந்த ஆன்டி எப்போதும் எலுமிச்சம்பழம் வைப்பார்.

பட்டப்பெயர்களுக்கு நான் எதிரி இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. மேலாளர் வந்து பார்க்கும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும் கோளாறுக்கு எங்கள் குழுவில் ‘நல்ல பிள்ளை’ என்று பெயர். தம்பியின் காணொளியிலும் முதல் பாதிக்குச் சிரித்தேன். செய்தியைப் படித்துவிட்டுப் பதிலே தராதவர் ‘டிக் சாமி’: பார்ப்பார், அருள மாட்டார். குளியலறையில் நின்றுகொண்டே “வந்துட்டே இருக்கேன்” என்பவர் ‘பாத்ரூம் பயணி’. வாழ்த்துக்கு முன் கடவுச்சொல் கேட்பவர் ‘வைஃபை விருந்தாளி’. இவற்றையெல்லாம் அவனே நடித்திருந்தான். தாபாவ், அதாவது சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போவது என்ற இடம் வந்தபோது மட்டும் அவன் நடிக்கவில்லை. ஆன்டி இருந்தார். கண்கள்மேல் ஒரு சிரிப்புப் பொம்மை ஒட்டியிருந்தது. அந்த மயில்நீலச் சேலையை எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும்.

அவனை மதிய உணவுக்கு பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னேன். இலை போட்டதும் கேட்டேன்.

“ஜோக் லா அக்கா. முகத்தைத்தான் மறைச்சிட்டேனே.”

“ஆன்டி வீட்டு அங்கிளுக்கு அன்னைக்கு துறைமுகத்துல ஷிஃப்ட். தெரியுமா?”

“எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ ஒருத்திதான் எச்.ஆர். மாதிரி பேசுற.”

“வெட்டாத வீடியோ இருக்கா? காட்டு.”

சாம்பார் வந்தும் நான் கையை இலைப் பக்கம் கொண்டுபோகாததால் காட்டினான். காணொளியில் பாட்டு ஒலித்த இடத்தில் இங்கே அம்மாவின் குரல் இருந்தது: “எங்க உங்க டப்பா? நான்தான் கொண்டு வாங்கன்னு சொன்னேன்ல. அண்ணனுக்குக் கட்டாம உங்களை அனுப்புவேனா?” ஆன்டி கூச்சத்துடன், “போதும்க்கா, போதும்” என்று மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டார்.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் அந்தக் குரலை வெட்டி எடுத்திருக்கிறான். வேலைக்குப் போன மனிதருக்கும் பண்டிகைச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இவனுக்கே தேர்வுக் காலத்தில் அம்மா எத்தனை முறை கட்டிக் கொடுத்திருக்கிறார்! அதையே அவன் பேராசை என்று வெட்டி ஒட்டினான்.

“ஏன் குரலை எடுத்த?”

“அது இருந்தா காமெடி இல்லையே, அக்கா.”

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் அதனால் கூடத்தான் செய்தது.

“சரி, பார்ட் டூ போடறேன். ‘தலைவி ரொம்ப நல்லவங்க’ன்னு.”

“அவங்க உன் கன்டென்ட் இல்ல. இப்பவே அழி.”

அழித்தான். முகம் சுருங்கிப்போய், ரசத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து போனான்.

அன்று மாலை அம்மா மூன்றாவது வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஆன்டி கேட்டைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

“அவர் வேலையிடத்துல, ‘இன்னைக்குத் தலைவி என்ன கட்டிக் குடுத்தாங்க?’ன்னு கேக்கிறாங்களாம்க்கா. ‘நீ ஏன் அங்க போய் வாங்கின’ன்னு என்னைத் திட்டுறாரு.”

“நான்தானே குடுத்தேன். அண்ணன்கிட்ட நான் பேசறேன்.”

“வேணாம்க்கா. சாப்பாடு நல்லா இருந்துச்சு. இனிமே அவர் கேன்டீன்லயே சாப்பிட்டுக்குவாரு.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்டார்: “அதை முழுசா அழிக்க முடியாதா? நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே?”

முடியாது. வேறு கணக்குகள் அதை எடுத்துப் போட்டுவிட்டன. யாரோ ஆன்டியை ஸ்டிக்கராகவும் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் புகார் செய்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. சித்தி, “சின்ன விஷயத்துக்குக் குடும்பத்தையே பிரிக்கிறா” என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இன்றைய நிலை இது. தம்பியின் கணக்கில் காணொளி இல்லை. மற்ற இடங்களில் இருக்கிறது. அவன் இன்னும் ஆன்டியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் கேட்கும்வரை அவனுக்கு எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். ஆன்டி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.