இரண்டு விரலை மடக்கி வாசித்தவன்

கிருசாந்தனின் சுண்டுவிரல் வெந்ததை முதலில் கண்டது அவனல்ல, அவனுடைய தாய் விமலேஸ்வரி. குசினியில் வலக்கையில் போனும் இடக்கையில் சுடுதண்ணிக் கேத்திலுமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தான். வாடை வந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். விரல் கேத்திலோடு ஒட்டியிருந்தது. அவன் கதையை நிறுத்தவில்லை. அவனுக்கு நோகவேயில்லை.

புண்ணுக்கு மருந்து கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். சண்டைக் காலத்தில் காயக்காரரைப் பராமரிக்கப் பயின்றவள் நான். உடையார்கட்டில் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு இப்போதும் போய்வருகிறேன். புண் சின்னது, ஆறிவிடும், நோகாததுதான் பிரச்சினை, ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். அடுத்த மாதம் கொழும்பில் நிகழ்ச்சி இருக்கிறது, அது முடியட்டும் என்றான்.

கிருசாந்தனுக்கு நாற்பது வயது. கிற்றார்காரன். கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற கிற்றார் அல்ல. அவன் வாசிப்பது புரோகிரெசிவ் மெற்றல் என்கிற இரைச்சலான மேற்கத்திய இசை. ஒரு உருப்படி கால் மணித்தியாலம் ஓடும். தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கும், காது பழகுகிற நேரம் பார்த்து ஐந்துக்கு மாறும். மரம் அரிகிற மரக்காலை ஒன்று போட்டிருந்தால் சத்தமும் இதேதான், காசாவது வந்திருக்கும் என்பாள் விமலேஸ்வரி.

சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபோது, தகப்பன் வீரகத்தி வவுனியாவில் வாங்கிவந்த கிற்றாரில் பழகினான். 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அது பங்கருக்குள்ளேயே கிடந்து போனது. மாத்தளனில் விழுந்த ஷெல் தகப்பனைக் கொன்றது. அதன் துண்டொன்று இவனுடைய இடது முழங்கைக்குள் போனது. காயம் மேலால் ஆறியது. முகாமிலிருந்து வெளியே வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்தபோது, வீட்டுக்காரர் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். வன்னிப் பெடியன் ஷெல் காயம் என்று சொன்னால் அடுத்த கேள்வி இயக்கத்தில் இருந்தாயா என்பதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். பைக்கில் விழுந்தது என்றான். இசைக்குழுவில் சேர்ந்தபோது, கூட ட்றம்ஸ் அடிக்கிற வவுனியா றஸ்மிக்கும் அதையே சொன்னான். பிறகு டொக்டர்மாருக்கும் அதுதான்.

அந்தக் காலத்து வீடியோக்களைப் போனில் போட்டு எனக்குக் காட்டினான். நான்கு விரலும் கம்பிகளில் ஓடுகின்றன, கண்ணால் தொடர முடியாது. சில வருடங்களில் சுண்டுவிரல் பிந்தத் தொடங்கியது. கிற்றார்காரருக்கு வருகிற முழங்கை நோ, ஓய்வெடு என்று டொக்டர் குளிசை கொடுத்தார். பைக்கில் விழுந்த கைக்கு அவர் வேறென்ன சொல்வார்? கிருசாந்தன் உருப்படிகளில் சுண்டுவிரல் தேவைப்பட்ட இடங்களையெல்லாம் வெட்டினான். வெட்டிய இடத்தில் இடைவெளி விட்டான், அல்லது ஒரு கம்பியைத் தனியே அதிரவிட்டான். வாசிப்பு முதிர்ந்துவிட்டது என்று கேட்டவர்கள் எழுதினார்கள்.

பிறகு மோதிரவிரலும் போனது. தடித்த கம்பியின் சுருதியை இறக்கினான். அப்படிச் செய்தால் ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து மூன்று கம்பிகளை அழுத்தலாமாம். வாசிப்பு மெதுவாகவும் பாரமாகவும் ஆனது. இன்னும் புகழ்ந்தார்கள். இரண்டு விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வாசிப்பது அவனுடைய ஸ்டைல் என்று பெயராகிவிட்டது. அவன் மறுக்கவில்லை.

புண் பழுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தாயும் நானும் கூடப் போனோம். கையில் முன்பு ஏதாவது அடிபட்டதா என்று டொக்டர் கேட்டார்.

“பைக்கில விழுந்தனான்.”

விமலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பினாள். “பைக்கும் இல்லை ஒண்டும் இல்லை, டொக்டர். அப்ப இவனிட்டைச் சைக்கிளே இல்லை. ஷெல் பட்டது. தகப்பனும் அதிலதான் போனவர்.”

“அம்மா, சும்மா இருங்கோ.”

“பதினஞ்சு வருசமாச் சும்மாதானே இருந்தனான். விரல் போயிட்டுது.”

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் துண்டு தெரிந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகிற நரம்பை அது வருடக்கணக்காக நெரித்திருக்கிறது. வெட்டி எடுத்தால் மிச்சக் கையின் பலத்தைக் காப்பாற்றலாம், போன விரல்கள் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். முந்தியே சொல்லியிருந்தால் என்று தொடங்கியவர், அதை முடிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு வெட்டலாமா என்று கிருசாந்தன் கேட்டான். அதற்குள் கைப்பிடியும் போகலாம் என்று பதில் வந்தது. அவன் நிகழ்ச்சியை விட்டான். முழங்கையில் ஒப்பரேஷன் என்று மட்டும் றஸ்மிக்குச் சொன்னான். இந்த முறைக்கு மதுசன் என்கிற புதுப் பெடியனைப் போடுகிறோம், சுகமானதும் நீ வா என்றான் றஸ்மி.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டில் நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது நிகழ்ச்சி வீடியோ வந்தது. மதுசன் பழைய வேகமான பகுதிகளை நான்கு விரலாலும் பிழையில்லாமல் வாசித்தான். மெதுவான பகுதி வந்தது. சுகமான இரண்டு விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். சனம் அதைக் கண்டு கத்தியது.

கிருசாந்தன் உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு றஸ்மிக்கு எடுத்தான். “அவனை விரலை நீட்டி வாசிக்கச் சொல்லு.”

“ஏன் மச்சான்? உன்ர ஸ்டைலைத்தானே அப்பிடியே செய்யிறான்.”

“அது ஸ்டைல் இல்லையடா. ஷெல் துண்டு. பைக் எண்டது பொய்.”



“எனக்குமாடா பொய் சொன்னனி?” என்று கேட்டான் றஸ்மி.

கிருசாந்தன் போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டுக்கு நீட்டினான்.

துண்டு வந்தது, விரல்கள் வரவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. கிற்றார் கம்பி தளர்த்தியபடி அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. மதுசன்தான் தொடர்ந்து வாசிக்கிறான், விரலை மடக்கியேதான். சனம் அதைத்தான் கேட்கிறதாம்.

காலையில் நான் போய் அந்த இரண்டு விரலையும் நீட்டி மடக்கிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ண வேண்டும். நேற்று, ஏழோடு நிறுத்துங்கோ, அடுத்ததுக்கு ஐந்து எண்ணுங்கோ என்றான். இது மூட்டு இறுகாமல் இருக்கச் செய்கிற பயிற்சி, இதனால் வாசிக்க வராது என்று சொன்னேன்.

“தெரியும் அன்ரி,” என்றான். “எண்ணுங்கோ.”