கறுப்பு பினாயிலும் நான்கு பாதங்களும்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தேன். 6.30க்கு வீடு கழுவ ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை கழுவினால் பினாயில் வாசனை தெருவரை வர வேண்டும். வராவிட்டால் எங்களுக்குக் கழுவின திருப்தியே இருக்காது. மூன்று சக்கர வண்டியில் வருபவரிடம் வாங்கும் பினாயில் அது. பழைய தண்ணீர் பாட்டிலில் இருக்கும், லேபிள் கிடையாது. முந்தின நாள் மழையில் சாக்கடை நாறியதால் அன்று வாசல் தரையில் தண்ணீர் கலக்காமலே ஊற்றித் தேய்த்தேன்.

இரண்டு வருடமாக எங்களோடு இருக்கும் பூனை அந்த ஈரத்தில் நடந்து போய்ப் படியில் உட்கார்ந்து பாதங்களை நக்கியது. பார்த்தேன். பூனை என்றால் நக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

7.40க்குக் கீழ்வீட்டுத் தையல்கார பாய் கூப்பிட்டார்.

"சார், இன்னா இது? பூனை எச்சில் வுட்டுகினு நடுங்குது!"

வாய் ஓரமெல்லாம் நுரை. நிற்க முடியவில்லை.

"கொஞ்சம் பால் குடு சார், விஷம் முறிஞ்சிடும்" என்றார் பாய். மனைவி கிண்ணத்தோடு வந்தாள். நான் அதற்குள் கால்நடை மருத்துவருக்கு போன் போட்டு, பினாயில் பட்ட பாதத்தைப் பூனை நக்கியதைச் சொல்லியிருந்தேன்.

"பால் வேணாம் சார். வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க. பினாயில் கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்பு."

"அதுதான் பூனைக்கு ரொம்ப மோசம். பாதத்தைப் பாத்திரம் கழுவற சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. நக்க விடாம துணில சுத்தி உடனே கொண்டு வாங்க. பாட்டிலையும் எடுத்துக்கோங்க."

பாய் பூனையைப் பிடித்துக்கொள்ள, நான் நான்கு பாதங்களையும் விரல் இடுக்கு விடாமல் கழுவினேன். பாய் கையில் மூன்று கீறல். "கல்யாண பிளவுஸ் தைக்கக்கூட இவ்ளோ பேஜார் இல்ல சார்" என்றார். "ஜும்மாவுக்கு நேரம் கீது. நான் போய் ஆட்டோ புடிச்சாறேன்."

மனைவி பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "காபித்தூளைக்கூட ஸ்பூன்ல வழிச்சு அளப்பீங்க. இதை மட்டும் பாட்டிலோட கவுத்துட்டீங்க."

சேலையூரில் மருத்துவரின் கிளினிக்கில் 8.35க்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். நாக்கில் புண் இருந்தது. "பொழைச்சுக்குமா மேடம்?" என்று மனைவி கேட்டாள். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். கழுவிட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார் மருத்துவர். மாலை 5.50க்கு, கரைத்துக் கொடுத்த உணவை இரண்டு வாய் நக்கியது. ஈரல் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பூனையை உள் அறையில் துணிக்கூடையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினோம்.

ஜூன் 15, சனிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக வாசல் தரையை வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். நன்றாகக் காய்ந்ததை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போய் அறைக் கதவைத் திறந்தேன்.