மதிலில் காய்ந்த இரண்டு பாய்கள்

கடல் ஊருக்குள் வந்துபோன மூன்றாம் கிழமை, பதினொரு வயதில், நான் மறுபடியும் பாயை நனைக்கத் தொடங்கினேன். மாங்கேணியில் வீடு போய்விட்டது. பெரியக்கா அப்பாவின் பிடியிலிருந்து கழன்று போய்விட்டார். மிஞ்சிய நாலு பேரும் ஒரு பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பறையில், இன்னும் ஆறு குடும்பங்களோடு இருந்தோம். ஆறாம் வகுப்புக்காரியை நாலாம் வகுப்பில் இறக்கிவிட்டது போதாதென்று இது வேறு.

வெட்கத்தைவிடப் பெரிய பயம் வான் வண்டி. நித்திரையில் கத்திய ஒரு பொடியனை, வெள்ளிக்கிழமை தோறும் வருகிற வான் ஏற்றிப் போயிருந்தது. விசர், பைத்தியம் என்று வருகிறவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரிக்காம். ஆள் கடத்தல் நடந்த அந்தக் காலத்தில் வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்த கதை எங்கள் பக்கத்தில் குறைவு.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். மற்றவர்கள் எழும்ப முன்னமே, என் பாயிலேயே படுக்கும் மூன்று வயதுத் தம்பியை உருட்டி என் ஈரத்தில் கிடத்திவிட்டு, அவனுடைய காய்ந்த இடத்துக்கு நான் நகர்ந்துவிடுவேன். அவன் நித்திரையிலேயே சிரிப்பான். சாட்சி சொல்லத் தெரியாத வயது. காலையில் அம்மா பாய்களை மதிலில் காயப்போடுவார். எப்போதும் இரண்டு பாய். என் வெள்ளம் எங்கள் மற்றப் பாய் வரைக்கும் பாய்கிறதே என்று எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

தம்பி பயந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, நூல் ஓதிக் கட்டுகிற கிழவர் ஒருவரை அம்மா கூட்டிவந்தார். கறுப்பு நூல், ஏழு முடிச்சு. நோய் ஓரிடத்திலும் மருந்து ஓரிடத்திலும் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் அவனைக் குளிப்பாட்டும்போது அவிழ்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் நனைந்தே விடிந்தது. களவெடுத்தவளை நூலுக்கும் தெரியும்போல.

மறுபடி வந்து நூலைக் காணாத கிழவர் தம்பியைச் சுற்றிவந்து பார்த்தார். "இது லேசுப்பட்ட பேயில்ல கா. தானே முடிச்ச அவுத்திருக்கு."

விரல் சூப்பிக்கொண்டிருந்த தம்பியை விட்டு ஆறு குடும்பமும் தள்ளி உட்கார்ந்தது. பக்கத்துப் பாய் மாமி அம்மாவின் காதில் சொன்னார்: "இனி வெச்சிருக்காத புள்ள. வெள்ளிக்கிழம வான் வரக்குள்ள ஏத்திரு."

அன்று புதன். சொன்னால் வானில் நான். சொல்லாவிட்டால் அவன்.

வியாழன் காலை றேடியோவில் மரண அறிவித்தல் போனது. யார் செத்தாலும் அந்த அறிவிப்பாளரின் குரலில்தான் சாகவேண்டும். பெரியக்காவும் அந்தக் குரலில்தான் போனார். ஒருநாளும் தளும்பாத குரல். அன்று பெயர்கள் முடிந்ததும், அதே நிதானத்தில் அது தன்னைப் பற்றிச் சொன்னது. இந்தப் பெயர்களை வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தன் படுக்கை நனைகிறதாம். வயது ஐம்பதாம். மனநல வைத்தியரிடம் போனாராம். குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"றேடியோக்காரனும் நம்மட தம்பிட ஆள்தான்" என்றார் மாமி. அறையே சிரித்தது. அப்பா மட்டும் எழும்பிப் போய், சிரிப்புக்கு மேலால் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு 'வீட்டுக்கு' என்ற ஒரு சொல் போதும். அந்த மனிதர் போய்த் திரும்பியிருக்கிறார். பிழையில்லாமல் பெயரும் வாசிக்கிறார். மதிலடிக்கு ஓடி, அம்மாவிடம் இடுப்பு நூலைக் காட்டினேன்.

"தம்பி இல்லம்மா. நான்தான். ரெண்டு பாயும் நான்தான்."

அம்மா அடிக்கவில்லை. நூலைப் பார்த்தார், காய்கிற பாய்களைப் பார்த்தார். "உன்ட பாய் ஒண்டுதான் மகள்" என்றார்.

மன்னிப்பதற்காகக் கணக்கைக் குறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வானில் நான் ஏறினேன். துணைக்கென்று அப்பாவும் ஏறினார். வழி முழுக்க என் மணிக்கட்டை அவர் விடவில்லை. பாய்ந்து ஓடிவிடுவேன் என்ற பயமாக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கத்திய பொடியன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். உள்ளே ஒரு தாதி மிஸ்ஸி மருந்து எடுக்க இரண்டு துண்டு எழுதினார். ஒன்றில் என் பெயர், மற்றதில் அப்பாவின் பெயர்.

துணைக்கு வருகிறவர்களுக்கும் துண்டு கொடுப்பார்கள் என்று நினைத்து, திரும்பி வரும்போது அந்தத் துண்டையும் எனக்கே தரச்சொல்லி அப்பாவோடு சண்டை பிடித்தேன்.