சாத்தம் தெரியட்டும்

பழிவாங்கும் குணம் கெட்ட குணம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். எனக்கு அது நன்றாகவே உதவியிருக்கிறது.

அப்போது நான் போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே பறக்கும் ஹெலிகாப்டரில் துணை விமானி. அதே ஊரில், ஷாதிபூரில் பிறந்து வளர்ந்தவள். என் கேப்டன் மதுரைக்காரர். இந்தி கலந்த என் தமிழைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வரும். கேப்டன் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலை.

வடக்கே திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும்போது கடலில் ஒரு மொட்டைப் பாறை வரும். அங்கிருந்து விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி ஆரம்பம். டவரில் அனுமதி வாங்காமல் அதைத் தாண்டக் கூடாது. ஓட்டுவது அவர், ரேடியோவில் பேசுவது என் வேலை. ஆனால் பாறை நெருங்கும்போது நான் வாயைத் திறந்தால் போதும், கையைக் காட்டி அமர்த்திவிடுவார்.

“இப்பவே எதுக்கு அவங்கள நச்சரிக்கிற? சாத்தம் தெரியட்டும். டவர்ல எல்லாருக்கும் என் குரல் தெரியும்மா.”

போர்ட் பிளேர் கரையிலுள்ள சாத்தம் ஜெட்டி கண்ணில் படுகிறது என்றால் வெகுதூரம் உள்ளே வந்துவிட்டோம் என்று அர்த்தம். தினமும் அப்படித்தான் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைத் தன் திறமை என்றே அவர் நம்பினார்.

ஒருநாள் காலை, மேகத்துக்குள்ளிருந்து ராணுவ விமானம் ஒன்று எங்களுக்கு நேரே ஏறி வந்தது. கேப்டன் ஹெலிகாப்டரைச் சரேலென்று சாய்த்தார். பின்னால் பயணிகள் அலறினார்கள். அந்த விமானத்தின் வயிறு எங்கள் தலைக்கு மேல் போனதைப் பார்த்தேன். டவரில் இருந்தவருக்கு நாங்கள் அங்கே இருப்பதே தெரியாது.

விசாரணையில் கேப்டன் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: “ரேடியோ அந்தப் பொண்ணோட பொறுப்பு சார்.”

அவர்தான் தடுத்தார் என்று சொன்னேன். தடுத்தாலும் நீ கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார்கள். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, என்னைப் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்தார்கள். பயணிகளையும் அவர்களுடைய மூட்டைகளையும் எடை மெஷினில் நிறுத்தி எடை குறிக்கும் வேலை. ஷாதிபூர் முழுக்கச் செய்தி பரவியது. “பக்கத்து வீட்டு பெங்காலி தீதி ரோஜ் கேக்கறாடி, உன் பொண்ணு எப்போ பறப்பான்னு. நான் க்யா சொல்றது?” என்பாள் அம்மா.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. புறப்படும் முன் கேப்டன் மெஷினில் ஏறி நின்று, வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்தபடி சொல்வார்: “சத்தமா சொல்லும்மா. ரேடியோவுலதான் பேச வரல, இதையாவது வாய் திறந்து சொல்லு.” நான் அவர் எடையைச் சத்தமாகச் சொல்வேன். வரிசை சிரிக்கும். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் பிறகு மெயின்லேண்டுக்குப் போய்ப் படித்தேன், கேப்டன் ஆனேன், விமானிகளைச் சோதிக்கும் பரீட்சகரும் ஆனேன். தீவுக்கு ஆள் தேவை என்றதும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மண் வாசனைக்காக இல்லை.

என் பழைய கேப்டனின் வழக்கமான சோதனைப் பறப்பு வந்தது. பயணிகள் இல்லை, நாங்கள் இருவர் மட்டும். “இன்று ரேடியோவும் நீங்களே பேச வேண்டும் சார். நான் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க நேர்ந்தால் தேர்ச்சி கிடையாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “தெரியாததா?” என்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தூரத்தில் பாறை தெரிந்தது.

“அன்னைக்கு நான் உன்னை விட்டுக்குடுக்காம காப்பாத்தியிருந்தா, நீ இன்னைக்கு இந்த சீட்டுக்கு வந்திருப்பியா சொல்லு? ஒரு வகையில உன்னை ஆளாக்குனதே நான்தாம்மா.”

பாறை நெருங்கியது. அவர் கை மைக் பொத்தான் பக்கமே போகவில்லை. சாத்தத்தைத் தேடி அவர் கண் தானாக நிமிர்ந்தது. ஒரு வார்த்தை நினைவுபடுத்தியிருக்கலாம். நினைவுபடுத்தவில்லை. அந்த நொடி எனக்கு எவ்வளவு இனித்தது என்று வெளியில் சொன்னால் என்னைப் பேய் என்பார்கள்.

“ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றேன்.

பாறைக்கு வெளியே ஹெலிகாப்டரைத் திருப்பி, டவரைக் கூப்பிட்டேன். ஒரு விமானம் ஏறுகிறது, வெளியிலேயே நில்லுங்கள் என்று பதில் வந்தது. வட்டமடித்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது.

“கூப்பிடத்தாம்மா போனேன். ஒரு சான்ஸ் குடும்மா.”

“ரேடியோ உங்க பொறுப்பு சார்.”

மறுசோதனை வரை அவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அதே மேசை, அதே மெஷின். மறுநாள் திக்லிபூர் போகும் ஹெலிகாப்டருக்கு நான் கேப்டன். விமானிகள் எடை பார்க்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நான் நின்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஜனங்களுக்குப் பின்னால், என் முறை வரும்வரை பொறுமையாக நின்று மெஷினில் ஏறினேன். அவர் தலை குனிந்து எதையோ முணுமுணுத்தார்.

“கேக்கல சார்,” என்றேன். “சத்தமா சொல்லுங்க.”