முகமூடிக்குப் பின்னால் ஒரு முடிச்சு

கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை எனக்கு. அவரை அங்கேதான் பார்த்தேன். மெக்சிகோ மல்யுத்தக்காரர். இங்கே ஒரு போட்டியில் விழுந்து வலது தோள் கழன்றிருந்தது. பெருத்த கழுத்து, பச்சை முகமூடி. இடது கையால் பின்மண்டையைத் தடவி, முகமூடியின் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி மேடையேறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோதும் கயிற்றைத்தான் தடவினார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்படி எத்தனையோ கேட்டாயிற்று.

லிப்டில் கயிறு அவிழ்ந்தது. ஒற்றைக் கையால் கட்ட முடியாமல் என்னைப் பார்த்தார். நான் கட்டிவிட்டேன். இருவருக்கும் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கதைத்தோம்.

"இன்னும் ஏன் இதைப் போட்டிருக்கிறியள்? போட்டிதான் முடிஞ்சுதே."

"இது அப்பாவின்ர முகமூடி. மேடையில பேரும் அவரின்ரதான். இருபது வருசமாச் சனம் அவரைத்தான் கூப்பிட்டது. இனி என்னை என்னெண்டு கூப்பிடுவினம்?"

முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டேன். டென்மார்க்குக்கு வந்த புதிதில், எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரான செல்லத்துரையை முன்னாலும் என் பெயரைப் பின்னாலும் பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். இங்கே முன்னால் இருப்பதைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்போது தெரியாது.

லிப்ட் திறந்தது. எங்கள் தமிழ் நர்ஸ் நின்றாள்.

"செல்லத்துரை அண்ணை, கெதியா வாங்கோ!"

அப்பா செத்து ஒன்பது வருடம்.

"ஓம், வாறன்" என்றேன்.