ஈசான மூலையில் ஒரு பவுண் காசு

எங்கள் சம்பந்தியாரிடம் நிலத்துக்குள் உலோகம் தேடும் கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வேகமானது, மற்றது ஆழமானது. இந்த இரண்டு சொற்களுக்கும் அவர் தரும் விளக்கத்தை இந்த வைகாசி மாதம் முழுவதும் கேட்டேன். மகளின் மாமனார் என்பதால் இடையில் எழுந்து போக முடியவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்துவதில்லை என்பது எங்களுடைய ஒழுங்கு. மொன்றியலுக்கு வந்தபின் எத்தனையோ ஒழுங்குகளைக் கைவிட்டோம். இது மட்டும் இத்தனை பனிக்கும் பட்டுப்போகாமல் நிற்கிறது.

அவர் திருகோணமலைக்காரர். ஒரு களஞ்சியத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர்களின் வீட்டு வளவுகளில் அனுமதி கேட்டுப் பழைய நாணயங்கள் தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்தவன். மின்காந்தத் தூண்டலைப் பற்றி அரை வாழ்க்கை பேசியிருக்கிறேன். ஆகவே அவருடைய கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை அவர் வாயால் மறுபடியும் கேட்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

என் மனைவி தை மாதத்தில் இறந்தாள். புவாண்ட்-கிளேர் வீட்டில் நான் தனியே இருக்கக்கூடாது என்று மகள் முடிவு செய்தாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவளுடைய வீட்டுக்கு அண்மையில் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு குடியிருப்புப் பார்த்தாள். வீடு விற்கப்பட்டது. ஆடி பிறக்குமுன் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் நான் செய்ய வேண்டியிருந்த காரியம் ஒன்றே ஒன்று.

இந்த வீட்டுக்குக் குடிபுகுந்தபோது ஐயர் பஞ்சலோகம் வைக்க வேண்டும் என்றார். ஊரில் வாசல் நிலை வைக்கும்போதே அதன் கீழே வைத்துவிடுவார்கள். வேறு குடும்பங்கள் இருந்து கழித்த வீட்டில் நிலையைப் பெயர்ப்பது எப்படி? வளவின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், குழி தோண்டித் தாட்டால் போதும் என்று ஐயர் வழி சொன்னார். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். பொன்னில் குண்டுமணியளவு போதும் என்றுதான் அவர் சொன்னார். என் மனைவியோ தன் தாலிக்கொடியில் தாலியின் இருபுறமும் இருந்த பவுண் காசுகளில் ஒன்றைக் கழற்றி, மற்ற நான்கோடும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். நான் வேலையால் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஈசான மூலையிலை தாட்டுப்போட்டன்" என்றாள்.

மருத்துவமனையில் கடைசி நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. ஒரு பின்னேரம் மட்டும் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, வீட்டை விக்கேக்கை அந்தக் காசை விட்டிட்டுப் போகாதேங்கோ. எங்கை போறியளோ அங்கை அதையும் கொண்டு போங்கோ."

"ஓம், கொண்டு போறன்" என்றேன். ஈசான மூலை என்றால் ஈசான மூலைதான். அதில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிலம் இளகியதும் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவில் இறங்கினேன். எங்கள் தெரு திசைகளுக்கு நேராக அமைந்ததன்று. வளவின் நடுவில் நின்று பார்த்தால், வடகிழக்கு வலதுபக்க வேலியின் ஏறக்குறைய மத்தியில், லைலாக் செடிக்குப் பக்கத்தில் விழுந்தது. சம்பந்தியார் தன் இரு கருவிகளையும் பிள்ளைகளைப் போல் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார்.

"மூலை எண்டால் மூலையிலையெல்லோ இருக்கவேணும், புரொபெசர்? இது வேலிக்கு நடு."

"திசைக்கு வேலி தெரியாது" என்றேன்.

"அதுவும் சரி. படிச்ச ஆக்களோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். அவர் அதைச் சொல்லும் விதத்தில் ஒப்புக்கொள்ளுதல் சிறிதும் இருக்காது.

அங்கிருந்து வாக்குவாதம் ஆரம்பித்தது. தேடுவதற்குமுன் எந்தக் கருவி சிறந்தது என்று தெரிய வேண்டும் என்றார் அவர். வேகமானது ஒரு பொருளின் சத்தத்தை முடித்துக்கொண்டு உடனே அடுத்ததற்குத் தயாராகிவிடும். ஆணிகளும் போத்தல் மூடிகளும் நெருங்கிக் கிடக்கும் நிலத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லும். ஆழமானது மெதுவானது, அருகருகே கிடப்பவற்றை ஒன்றாக்கிவிடும், ஆனால் கீழே நெடுந்தூரம் பார்க்கும். இத்தனை பனிக்காலங்கள் உறைந்தும் இளகியும் மண் புரண்டிருக்கும், காசு எவ்வளவோ இறங்கியிருக்கலாம், ஆகவே ஆழம்தான் முக்கியம் என்றேன் நான். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இறங்கினாலும் என்ன, கிணத்துக்கை போயிருக்கே? வேகம்தான் வேணும். இஞ்சை எவ்வளவு குப்பை கிடக்கெண்டு பாருங்கோ."

குப்பையைப் பற்றி அவர் சொன்னது மட்டும் உண்மை. லைலாக் செடியைச் சுற்றிச் சோடாத் தகரப் பேணிகளின் திறப்பு வளையங்களும், வெள்ளித்தாள் துண்டுகளும், யாரோ ஒரு பிள்ளையின் விளையாட்டுக் காரும் வந்தன. பொன்னும் சோடாப் பேணி வளையமும் இந்தக் கருவிகளின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். பௌதிகவியல் அதற்குக் காரணம் சொல்லும், ஆறுதல் சொல்லாது. ஒவ்வொரு வளையத்துக்கும் நான் ஒருமுறை குனிந்தேன்.

ஒருநாள் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெவ்வேறு ஆழங்களில் நாணயங்களைப் புதைத்தார். புல்லின் மேல் கருவிகளை மாறிமாறி ஆட்டி, எது எதைக் கண்டது என்று சத்தமாக எனக்கு அறிவித்தார். நான் கதிரையில் இருந்து கேட்டேன். புதைத்தவற்றைத் திரும்ப எடுத்தபோது ஒன்றை மறந்துவிட்டார். அடுத்த கிழமை அதே இடத்தில் ஒரு தெளிவான, நீண்ட ஓசை கேட்டது. நான் முழங்காலிட்டுக் கையால் மண்ணை வாரினேன். விரல் நுனியில் வட்டமான விளிம்பு தட்டுப்பட்டபோது சற்று நேரம் அதை எடுக்காமல் தொட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தது இரண்டு டொலர் நாணயம்.

"அட, இது என்ரை!" என்றார் சம்பந்தியார். உண்மையிலேயே மகிழ்ந்தார்.

அன்றிரவு மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, எப்பிடிப் போகுது?"

"மாமா நல்லாக் கதைக்கிறார்."

"கதைக்கட்டும் அப்பா. உங்களுக்கும் ஒரு மாற்றம்தானே. சும்மா இருந்து யோசிக்காமல்."

அதிலிருந்து எனக்கு விளங்கியது: நான் காசு தேடுவதற்காக அவரை அழைத்தேன், அவளோ என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அவரை அனுப்பிக்கொண்டிருந்தாள். துக்கமுள்ளவனுக்கு எல்லோரும் ஒரு மாற்றத்தைப் பரிந்துரைக்கிறார்கள். ஒருவர் யோகாசனம் என்றார், ஒருவர் கப்பல் பயணம் என்றார். நான் மாற்றம் கேட்கவில்லை. ஒரு காசைக் கேட்டேன்.

"மற்ற மூலையளிலையும் தேடிப் பாக்கலாமே?" என்றாள் மகள்.

பார்க்கலாம். ஆனால் வீட்டை வாங்கியவர்கள் புல்தரையோடு வாங்கியவர்கள். வளவு முழுவதையும் கிண்டிப் போட்டுக் கையளிக்க முடியாது. அதோடு, ஐயர் சொன்ன திசை இருக்கும்போது வேறிடம் தேடுவது முறையற்ற வேலை என்று எனக்குப் பட்டது. முறையைக் கைவிட்டால் பிறகு என்னிடம் என்ன மிஞ்சும்?

ஆனி மாதத்தில் ஒரு மாலை. வழக்கம்போல ஒன்றும் அகப்படவில்லை. சம்பந்தியார் ஒரு தேநீர்க் கோப்பையோடு பின்வாசல் படியில் இருந்தார். பின்வேலிக்கு அப்பால், அயலவரின் மேப்பிள் மரத்துக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியளே புரொபெசர்? உலகத்திலை மற்ற எல்லா இடத்திலையும் சூரியன் மேற்கிலை படும். மொன்றியலிலை மட்டும் வடக்கிலை படும்."

"ஆனி மாதத்திலை வடமேற்கிலை படும். அதிலை அதிசயம் இல்லை."

"அது உங்கடை திசைகாட்டியின்ரை வடக்கு. நான் சொல்லுறது இந்த ஊர்ச் சனத்தின்ரை வடக்கு. ஏரிப் பக்கம் தெற்கு, பின்பக்கம் வடக்கு. வந்த புதுசிலை ஒரு பஸ் ட்ரைவர் கையை நீட்டி 'நோர்', வடக்கு, எண்டான். நான் சூரியனைப் பாத்து அவனுக்கு விசர் எண்டு நினைச்சன்."

அவர் தன்னுடைய பகிடிக்குத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இது எனக்குத் தெரியாத செய்தியன்று. இந்தத் தீவில் எல்லோரும் நதியைத் தெற்கு என்று வைத்துக்கொண்டு, அதன்படி தெருக்களுக்குக் கிழக்கென்றும் மேற்கென்றும் பெயரிட்டிருக்கிறார்கள். நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் என் மனைவி இந்த நகரத்தைப் பேருந்திலும் மெட்ரோவிலும் படித்தவள். தெருப்பலகை எதை வடக்கென்றதோ அதுவே அவளுக்கு வடக்கு. பலமுறை திருத்தியிருக்கிறேன். "உங்கடை வடக்கை வைச்சுக்கொண்டு ஒரு பஸ்ஸும் பிடிக்கேலாது" என்பாள்.

ஐயர் அவளிடம் கேட்டிருப்பார்: வடக்கு எந்தப் பக்கம், பிள்ளை? அவள் தயங்காமல் பின்வேலியைக் காட்டியிருப்பாள்.

பின்வேலியும் வலதுவேலியும் சேரும் மூலையைப் பார்த்தேன். அது உண்மையில் நேர்வடக்கு. எந்தச் சாத்திரத்தின்படியும் அது ஈசானம் அன்று. எனக்குக் கோபம் வந்தது. ஐயர்மீது, தன் திசைகளைத் தானே நட்டுக்கொண்ட இந்த நகரத்தின்மீது, ஒரு மாதத்தை லைலாக் செடியடியில் கழித்த என்மீது. எல்லாவற்றையும் விட அவள்மீது. தை மாதத்துக்குப் பிறகு அவளோடு வாதாட எனக்கு ஒரு விடயம் கிடைத்திருந்தது. ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விடயம். மறுமொழி சொல்ல ஆள் இருக்கவில்லை.

"எழும்புங்கோ" என்றேன். "அந்த மூலைக்குப் போவம்."

அந்த மூலையில் பழைய வேலியின் ஆணிகள் நிறைந்து கிடந்தன. ஆழமான கருவி அங்கே ஓயாமல் உறுமியது. எதையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை. சம்பந்தியார் வெற்றிப் புன்னகையோடு வேகமானதை எடுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"இரும்பின்ரை சத்தத்தை அடக்கி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். இரும்பை ஆர் தேடுறது?"

"நான். அவளின்ரை முடிச்சுக்குள்ளை இரும்பும் இருக்கு."

அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு அந்த அமைப்பை நீக்கினார். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கறுமுறு என்றன. வேலிக் கம்பத்துக்குச் சற்று இப்பால் ஓர் உறுமலும் அதனோடு ஒட்டியபடி மெல்லிய, சுத்தமான ஒரு சத்தமும் கேட்டன. அவர் மறுபடி ஆட்டினார். மறுபடி கேட்டது. குறுக்காக ஆட்டினார். அப்போதும் கேட்டது.

"கேட்டியளே? உறுமலுக்குள்ளை இருந்து பிரிச்சுத் தருது. இதுதான் வேகம் எண்டுறது. கொஞ்சம் பொறுங்கோ. கிண்டமுதல் மற்ற மெசினாலையும் ஒருக்கால் பாப்பம். இப்பிடி ஒரு சந்தர்ப்பம் பேந்து கிடையாது. எது என்ன சொல்லுதெண்டு…"

"கிண்டுங்கோ!"

அது என் குரல்தான். அயலவரின் நாய் குரைத்தது. மகள் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் கருவியைப் புல்லில் வைத்தார். முழங்காலிட்டு, புல்தரையை மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை விட்டு, புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் மடித்தார். சிறு கரண்டியால் மண்ணை எடுத்துத் துணியில் போட்டார். ஒரு சாண் கூட இறங்கவில்லை. கறுத்த கட்டியொன்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னுக்கு எடுத்தார்.

"இனி நான் தொடக்கூடாது. தாலிக்கொடியிலை இருந்தது. நீங்கள் எடுங்கோ."

எடுத்தேன். மஞ்சள் துணி மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது. இரும்புக்காக வைத்த ஆணி துருப்பிடித்துப் பருத்திருந்தது. செம்பு பச்சையாகவும் வெள்ளி கரியாகவும் இருந்தன. ஈயம் ஈயமாகவே இருந்தது. காசின் ஒரு பக்கத்தை ஆணியின் துரு பற்றியிருந்தது. மற்றப் பக்கம் நேற்றுக் கழற்றியதுபோல் மஞ்சளாக இருந்தது. அதன் மேல்விளிம்பில், கொடியில் கோப்பதற்கு இருந்த சிறு வளையம் வாய் திறந்து கிடந்தது. கழற்றும்போது அவள் அதற்குள் எதையோ விட்டு நெம்பியிருக்கிறாள். நேராகத் திறக்கவில்லை, ஒருபக்கமாக, அவசரமாக. பொன் மென்மையானது. என் பெருவிரலால் அழுத்தியிருந்தால் மூடியிருக்கும். அழுத்தவில்லை.

சம்பந்தியார் பக்கத்தில் நின்றார். நெடுநேரம் பேசாமல் நின்றது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"புரொபெசர், குறை நினையாதேங்கோ."

"சொல்லுங்கோ."

"கையிலை வைச்சுக்கொண்டே இருங்கோ. ஒருக்கால் மற்ற மெசினை மேலாலை…"

நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் பயந்து போயிருந்தார்; ஆனாலும் கேட்டுவிட்டார். சற்றுமுன் நான் அவரைப் பார்த்துக் கத்தியதற்கு வேறு எந்த வகையில் ஈடு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காசை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

ஆழமான கருவி என் கைக்கு மேலே வந்து நின்று பாடியது. அவர் திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி ஆட்டிப் பார்த்தார். எண் ஒருநிலையில் நிற்கவில்லை என்று முணுமுணுத்தார். நான் கையை எடுக்கவில்லை. அந்தக் கருவி அருகருகே இருப்பவற்றை ஒன்றாக்கிவிடும் என்று அவரே சொன்னவர். அதே கையில் என் கல்யாண மோதிரமும் இருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.